பத்து கிலோவுக்குக் கீழே

இந்த மாதம் நான்கு புத்தகம்.
மூன்றரை என்று சொன்னால்தான் சரி.

சிப்காட் ரோட்டில் லாரி எடைமேடை,
எனக்கு இரவு ஷிப்ட்.
எந்த நாவலும் என் கையில் நேராக ஓடியதில்லை.
கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்து
ஒரு டேங்கர் ஏறும்.
முப்பத்தொன்று அறுநூற்று நாற்பது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால்
யார் போட்ட கடிதம் என்பதே மறந்திருக்கும்.

முதல் புத்தகத்தில் இருநூறு பக்கம் பனி பெய்தது.
வெளியே கத்திரி, மேலே தகரக் கூரை.
மொழிபெயர்த்தவர் பனி என்கிறார், வெண்பனி என்கிறார்,
உறைபனி என்கிறார், சொல் தீர்ந்து
மறுபடி பனி என்கிறார்.
எனக்குத் தெரிந்த பனிக்கு ஒரு மப்ளர் போதும்.
அதில் புதைந்து சாகிறார்கள் என்றால் எப்படி?
கடைசியில் முதுநகர் ஐஸ் பேக்டரியில்
மீனுக்கு உடைக்கும் கட்டிகளை
ஊர் முழுக்கப் பரப்பிக்கொண்டேன்.
நெத்திலி வாடையோடு பெய்தது.
அதற்கப்புறம் புரிந்தது, அழுதேன்கூட.

இரண்டாவது துப்பறியும் கதை.
கொன்றது கம்பவுண்டர்தான் என்று
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
இருந்தும் விடவில்லை,
அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று படித்தேன்.

மூன்றாவதை எல்லோரும் மெச்சுகிறார்கள்.
புயல் மட்டுமே மூன்று பக்கம்.
காற்று ஊளையிடுகிறது, கடல் சீறுகிறது, ஓடுகள் பறக்கின்றன.
எல்லாம் சரிதான் ஐயா.
தானே அடித்த மறுநாள் காலை
எங்கள் தெருவில் வெளிச்சம் கூடுதலாக இருந்தது.
மரங்கள் இல்லை.
பழகின வீட்டு வாசலில் நின்று
யார் வீடு இது என்று கேட்கிற மாதிரி
ஒரு வெளிச்சம்.
அது அந்தப் புத்தகத்தில் இல்லை.

அரைப் புத்தகம்தான் தொல்லை.

காணாமல்போன தம்பியின் கையெழுத்து
என்றைக்காவது கண்ணில் படும் என்று
தபால் பிரிக்கும் வேலையில் சேர்ந்த ஒருவன்.
பத்தொன்பது வருடம்.
இருநூற்றெட்டாம் பக்கத்தில் ஒரு நீல உறையை
விளக்கடிக்குக் கொண்டுபோகிறான்.
அதற்கப்புறம் பசையும் தையல் நூலும்தான்.

காஸ்டிக் சோடா ஏற்ற வரும் சென்னியப்பன்
டோக்கனுக்குக் காத்திருந்தவர், என்ன கதை என்றார்.
சொன்னேன்.
"அப்புறமுங்க?"
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
"கையெழுத்து தம்பியோடதுதான்.
விலாசம்தான் அண்ணனோடது இல்ல."
அவர் ஒன்றும் பேசவில்லை.
சீட்டை வாங்காமலே வண்டியை எடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து வந்தார்.
தொப்பூர் இறக்கத்தில் தூக்கம் வராமலிருக்கக்
கிளீனரிடம் அந்தக் கதையைச் சொன்னாராம்.
அந்தக் கடிதத்தை அண்ணன் கொண்டுபோய்ச் சேர்த்தானா இல்லையா,
கேட்டுட்டு வாங்க என்று பையன் நச்சரிக்கிறானாம்.
"இன்னும் படிக்கிறேன்" என்றேன்.

போன ஞாயிறு பாண்டிச்சேரி சந்தையில்
பழைய சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில்
அதே அட்டை. முழுப் புத்தகம். முப்பது ரூபாய்.
அன்று இரவு மேடை காலியாகக் கிடந்தபோது
நடுவில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
எங்கள் மிஷின் மதிப்பதில்லை.

மூன்று நாளாக டிபன் டப்பாவோடு பையில் கிடக்கிறது.
நூற்று எண்பதாம் பக்கம் வரை
மறுபடி படித்துவிட்டேன், மெதுவாக.

இப்போது வண்டி ஏறி நிற்கிறது.
எடை போடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது.
சென்னியப்பன் டீக்கடைப் பக்கம் போக,
இந்தப் பக்கக் கதவிலிருந்து குதித்து
ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறான் மாதேஷ்.
இருபது வயதுகூட இருக்காது.
பெயரை அவனே சொன்னான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

பை காலடியில் இருக்கிறது.
"ஒளிச்சு வச்சிட்டான்" என்றேன்.

பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்து முடிக்கிற வரை
எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"எத்தன நாளைக்குங்கக்கா?"