ஒன்பதாம் எண்ணில் ஒரு சேவல்

ஞாயிறு ஏழரைக்கு
ஒன்பதாம் எண்ணில் சேவல் வரும்.
சிவப்புக் காலுறைதான். கொண்டை தெர்மாகோல்.
அதன் வயிற்றுக்குள் இருப்பது பிலோமி அக்காவின் கை
என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தும் சேவலுக்குத்தான் கடிதம் எழுதினோம்.

தேவகோட்டையைத் தாண்டினால் அந்தச் சேவல் கிடையாது.
காரைக்குடிப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.
சைக்கிள் கடை மாடியில்
நீலப் போர்வை தொங்கவிட்ட அறை,
அதுதான் வானம்.
கீழே யாராவது டயருக்குக் காற்றடித்தால்
வானத்தில் கேட்கும்.

பிறந்தநாள் பிள்ளைகளுக்கு
பரிசு ஒளிந்திருக்கும் இடத்தைச் சேவல் சொல்லும்:
ஃபிரிட்ஜுக்கு மேலே பார், உமையாள்.
அரிசி டிரம்முக்குள் கையை விடு, அந்தோணி.
பெற்றவர்கள் முன்கூட்டியே எழுதிப் போட்டிருப்பார்கள்.
எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை.
நானே எழுதினேன், தபால் அட்டையில்.
பெயர் சிகப்பி. வயது ஒன்பது. பரிசு இருக்கும் இடம்,
அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

எங்களில் பெயர்கள் பாத்திரங்கள் மாதிரி.
வீட்டுக்கு வீடு அதே வடிவம்,
விளிம்பில் வெட்டிய எழுத்துதான் வேறு.
அதே நாளில் ராம்நகரில் இன்னொரு சிகப்பி பிறந்திருந்தாள்.
சேவல் என் முகவரியையும்
அவள் அப்பச்சி எழுதிய இடத்தையும்
ஒரே கொத்தாகக் கொத்திவிட்டது.
பீரோவுக்குப் பின்னால் பார், சிகப்பி!

பார்த்தேன்.
கை போகவில்லை. அடிக்குச்சியை விட்டு இழுத்தேன்.
தூசு. காய்ந்த பல்லி. சீட்டுக்கட்டு ராணி.
பிறகு ஆத்தாவின் வைரத்தோடு, ஒற்றை.

ஆடியில் காணாமல் போனது அது.
ஆடியிலேயே வெள்ளையம்மாளும்
இனி வர வேண்டாம் என்றாகிவிட்டது.
கொல்லைக் கதவில் நின்று
முந்தானையை உதறிக் காட்டினாள், பார்த்தேன்.
ஒன்றும் விழவில்லை.
விழாததும் அவள் குற்றமாகத்தான் போனது.

ஆத்தா தோட்டை வாங்கிச் சேலையில் துடைத்தாள்.
காதில் வைத்துத் திருகினாள்.
டிவியை அணை என்றாள்.
அன்று எனக்குக் கந்தரப்பம் இரண்டு கூடுதல்,
நான்தான் எதையோ திருடி
அகப்பட்டுக்கொண்டவள் போல
தலை குனிந்தே தின்றேன்.

அடுத்த ஞாயிறு சேவல் கழுத்தைத் தொங்கப்போட்டு வந்தது.
ராம்நகர் சிகப்பி அழுதுகொண்டே மாடி ஏறினாளாம்.
ஆள் மாற்றிச் சொன்னது தப்பு, ஊரறியத் தப்பு என்று
பிலோமி அக்கா கொண்டையைப் பிடித்து
மூன்று தடவை கூவ வைத்தாள்.
மூன்றாவது கூவலில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
நானும் சிரித்தேன்.
அடுப்படி இருட்டில் ஆத்தா முகம் தெரியவில்லை,
தோடு தெரிந்தது.

காளவாசல் பக்கம் அவள் வீடு என்பார்கள்.
கேபிள் கம்பியை அந்தத் தெரு வரைக்கும்
இழுத்திருந்தார்களா என்று
நான் யாரையும் கேட்டதில்லை.