நிகர எடை

புதுவயலுக்கு வரும் நெல் லாரிகளை
இருபத்தோரு வருஷம் எடை போட்டவன் நான்.
ஏற்றிய எடை, வெற்று எடை,
கழித்தால் வருவது நிகரம்.
டிரைவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.
சீட்டில் கையெழுத்து என்னுடையது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு
செவ்வாய், வியாழன், சனி
விடியுமுன் மதுரை பஸ்.
நாலு மணி நேரம் மெஷினோடு.
திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டும்வரை
கண் திறக்க மாட்டேன்.
எடைமேடையில் வேறொருவன் உட்கார்ந்தான்.
முதலாளி குறையேதும் சொல்லவில்லை,
சம்பளத்தைத்தான் நிறுத்தினார்.

ஒருநாள் ஊசியை எடுத்துப்
பஞ்சை அழுத்திக்கொண்டே
ஜெசிந்தா சிஸ்டர் கேட்டார்:
"வீட்டிலேயே செய்துக்கலாம், தெரியுமா சேவுகன்?"
தெரியாது.
மூன்று வருஷமாய் ஒருத்தரும் சொல்லவில்லை.

வயிற்றில் ஒரு குழாய். பையில் மருந்துநீர்.
தினம் நாலு தடவை.
கிருமி புகுந்தால் ஆபத்து,
அதையும் மறைக்கவில்லை.
"இதுவா அதுவா, நீங்கதான் சொல்லணும்."

படு என்றார்கள், படுத்தேன்.
குடிக்காதே என்றார்கள்,
உதட்டை நனைத்துக்கொண்டேன்.
எது வேண்டும் என்று கேட்டது
அன்றைக்குத்தான்.
பொன்னழகு என் முகத்தையே பார்த்தாள்.
எனக்கு வாய் வரவில்லை.

இப்போது காலை ஆறு.
உமித்தூசி வராமல் ஜன்னல் அடைத்தாயிற்று.
ஃபேன் ஓடக்கூடாது.
மாஸ்க். விரலிடுக்கெல்லாம் சோப்பு.
குன்றக்குடியான் காலண்டர் தொங்கிய ஆணியில்
இன்று பை தொங்குகிறது.
(அவன் பீரோ மேல் இருக்கிறான்,
இதுவரை கோபமில்லை.)

ராத்திரி முழுக்க உள்ளே கிடந்த நீர்
தரையில் கிடக்கும் பைக்கு இறங்குகிறது.
பொன்னழகு பழைய எடைச்சீட்டு ஒன்றை
அதன் பின்னால் பிடிக்கிறாள்.
எழுத்து தெரிந்தால் நல்லது,
கலங்கியிருந்தால் சிஸ்டருக்கு போன்.

தெரிகிறது.
நெல், பன்னிரண்டு டன்,
அடியில் கோணலாய்
என் கையெழுத்து.

ஸ்பிரிங் தராசில் மாட்டுகிறேன்.
உள்ளே போனது இரண்டு கிலோ.
வெளியே வந்தது இரண்டு கிலோ முந்நூறு.
நோட்டில் எழுதுகிறேன்:
நிகரம் முந்நூறு கிராம்.
நேற்றுக் குடித்த மோரும் அதில் இருக்கும்,
தங்கச்சி மகன் நிச்சயத்தில்
பொன்னழகுக்குத் தெரியாமல் குடித்த
ரோஸ்மில்க்கும்.

எட்டு மணிக்கு எடைமேடை.
மதியப் பைக்கு ஒரு இடம் வேண்டும்.
மேடைக்குப் பின்னால் இருக்கும்
சாக்கு அறையைக் காலிசெய்து
கழுவித் தரச் சொல்லியிருக்கிறேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றார் முதலாளி.

யோசிக்கட்டும்.
நானும் ஒரு வாரம்
யோசித்தவன்தான்.