திருகாணி

நேற்று காலை பத்து நாற்பத்திரண்டுக்குச் செத்துப்போன மொரெய்ரா
இன்று விடியலில் எனக்கு இடப்பக்கம் நடக்கிறான்
கொட்டாவி விட்டுக்கொண்டு.
ஏவுகணை, வலது இறக்கை, ஆள் காலி என்று கணினி சொன்னது.
மதியம் சாப்பாட்டு அறைக்கு அவனே வந்து
பீன்ஸ் கறி இன்னொரு கரண்டி கேட்டான்.
பயிற்சிப் போரில் பிணங்களுக்குப் பசி அதிகம்.

மகாடோ விமானத் தளம். நாலு நாட்டுப் படைகள்.
நாங்கள் ஆறு விமானங்களோடு வந்திருக்கிறோம்.
நீல நாடு, சிவப்பு நாடு என்று இரண்டு தேசங்கள்
வரைபடத்தில் மட்டும் இருக்கின்றன.
எல்லைக்கோடு யாரோ ஒருவரின் மக்காச்சோளத்தின் மேல் போகிறது.
அவருக்குத் தெரியாது.

முதல் விமானம் கிளம்பும் முன்
ஓடுபாதையைக் கண்ணால் கூட்ட வேண்டும்.
ஒரு கல்லை எஞ்சின் விழுங்கினால் போதும்,
ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிற காசு போச்சு.
அறுபது பேர், தோளுக்குத் தோள், தலை குனிந்து,
கர்னலும் சமையல்காரரும் ஒரே வரிசையில்
நடவுக்கு இறங்கியவர்கள் போல.
எதிரே சவுட்பான்ஸ்பெர்க் மலை, பாதி மூடுபனி.
கினிக்கோழி இறகு. பேனா மூடி.
உலர்ந்த தவளை ஒன்று, தோலாக.

"நில்லுங்கள்" என்று கை தூக்கியவள்
தென்னாப்பிரிக்க அணியின் கார்ப்பரல் கோகிலாம்பாள்.
அவள் உள்ளங்கையில்
மிளகளவு மஞ்சள் உலோகம், நடுவே மரை.

யாருடையது?
ஷ்ரோடர் அளந்து பார்த்து, ஜெர்மன் அளவே இல்லை என்றார்.
பிரேசில்காரர்கள் காந்தம் வைத்தார்கள், ஒட்டவில்லை.
சொந்தக்காரன் கிடைக்கும்வரை
ஒரு விமானமும் எழும்பக் கூடாது என்றார் மேஜர் ரம்புடா.
இருபத்தாறு விமானங்களின் வயிற்றைத் திறந்தோம்.
நான் மூன்றாம் எண்ணுக்குள் டார்ச்சோடு தவழ்ந்தேன்.
எண்ணிய மரையையே மறுபடி எண்ணினேன்.

வானம் சும்மா கிடந்தது.
ஒன்பது மணிக்கு வேலியோரம் இருவாச்சி கத்தியது;
இந்த இரண்டு வாரமும் அது கத்தியிருக்கும்தான்.
எங்கோ பள்ளி மணி.
நீல நாட்டில் அன்று காலை ஒருவரும் சாகவில்லை.
சிவப்பு நாட்டிலும்.

பதினொன்றரைக்குத்தான் அந்தத் தட்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தது.
நகத்தால் எடுத்து வெயிலில் திருப்பினேன்.
தென்காசியில் ஓர் இரவு
வீட்டுக் குப்பை முழுவதையும் சல்லடையில் சலித்தவன் நான்,
மனைவி பக்கத்தில் நின்று அழ அழ.
வாய் தானாகச் சொல்லிவிட்டது:
"அட, திருகாணி."

ஷ்ரோடருக்குப் புரியவில்லை. ரம்புடாவுக்குப் புரியவில்லை.
ஆனால் ஒரு கை மட்டும் காதுக்குப் போனது.

வந்த முதல் நாள் அவள் சட்டையில் 'பிள்ளை' என்று படித்து
மூச்சு விடாமல் தமிழில் பேசினேன்.
"என் தமிழ் இவ்வளவுதான் சார்" என்று விரல் மடக்கினாள்:
பத்து வரை எண்ணிக்கை, சாமி பெயர்கள்,
அம்மாவின் வசவுகள், பிறகு நகைகள்.

காதுக்கவசத்தை அவள் மெல்லக் கழற்றினாள்.
பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது தோடு.
டர்பனில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம்.
ஓடுபாதையில் நகை கூடாது என்பது விதி.
கவசத்துக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

கையை மூடிக்கொண்டேன்.
அது கழிந்த இரும்பு, பழசு, யாருடையதுமில்லை என்று
நான் சொல்லியிருப்பேன். வாய் வரை வந்தது.
நாலு நாடும் நம்பியிருக்கும்.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.
"என்னுடையது, மேஜர்."

முதலில் சிரித்தது மொரெய்ராதான்,
செத்தவனுக்கு என்ன பயம்.

பதினான்கு இரவுக் காவல், எழுத்தில் ஒரு கண்டிப்பு.
அறிக்கைப் படிவத்தில் 'பாகத்தின் பெயர்' என்ற கட்டத்தில்
எழுத்தர் பேனாவை நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொல் என்றார்.
கோகிலாம்பாள் என்னைப் பார்த்தாள்.

வெளியே முதல் எஞ்சின் பற்றிக்கொண்டது.
கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது,
மூன்று முறை.