பதினோராம் கேள்வி

ஞாயிறு பள்ளித் தேர்வுத் தாள்கள், நாற்பத்தொன்று.
மேசையில் சிந்திய ரசத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
சிவப்புப் பேனா.
மின்விசிறி இழுத்துப் போகாதிருக்க
தாள்கள் மேல் ஒரு மாங்காய்.

கோரிப்பாளையத்து லேபில்
பகல் முழுக்க வெள்ளணுக்களை எண்ணுகிறவள் நான்.
எண்ண வரும் எனக்கு.
அதனால்தான் பாஸ்டரம்மா என்னிடம் கொடுக்கிறார்.

கேள்வி பதினொன்று:
தீர்க்கதரிசி மீனின் வயிற்றில் எத்தனை நாள் இருந்தார்?
ஒரு மதிப்பெண்.
மூன்று. மூன்று. 3. மூன்று.
ஒருவன் நாற்பது என்றிருந்தான்.
அது மழைக்கான விடை, பாவம்,
இடம் மாறி வந்துவிட்டது.

இருபத்தேழாவது தாள் கெசியாவுடையது.
ஆலயத்தில் மணியடிக்கும் தேவசகாயத்தின் மகள்,
மூன்றாம் வகுப்பு, முன்பல் இல்லை.
"மூன்று நாள். ஆனால் மீனுக்கு முப்பது நாள் போல இருந்தது.
உள்ளே ஒருத்தர் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தால்
மீன் எப்படித் தூங்கும்?"
கோட்டுக்குக் கீழே இடம் போதாமல்
எழுத்துகள் திரும்பி, தாளின் ஓரத்தில் ஏறிப் போயின:
"அதுக்கு ஏப்பம் வந்தது. அதான் துப்பிவிட்டது."
பக்கத்திலேயே படம்.
ஏ.வி. பாலத்தின் நீளத்துக்கு ஒரு மீன்,
தண்ணீர் இல்லாத வைகையில்
கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறது.

பேனா நின்றது.
விடைக்குறிப்பில் ஏப்பம் இல்லை.

போன வருஷம் இப்படி வந்த ஒரு தாளில்
'கேட்டதை மட்டும் எழுது' என்று எழுதி
அரை மதிப்பெண் குறைத்ததும் இந்தக் கைதான்.
யாருடைய தாள், நினைவில்லை.
இந்த வருஷத்து மூன்றுகளில்
எந்த மூன்று அந்தப் பிள்ளையோ.

அடுத்தது என் மகன் அசரியா.
திருத்தவே வேண்டாம். அச்சு மாதிரி எழுத்து.
மூன்று, முற்றுப்புள்ளி.

அவன் கதை கேட்ட வயதில்
கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.
குடும்ப ஜெபம் முடிந்து, பாய் விரித்ததும்,
எத்தனை அப்பம்? எத்தனை கூடை? மீதி எவ்வளவு?
சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட்.
சிம்மக்கல் பழைய கடையில் வாங்கிய படப் புத்தகத்தில்
நெருப்புக் கக்கும் பாம்பு வந்தது;
சபையில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று
அந்த நாலு பக்கத்தையும் ஸ்டேப்ளர் போட்டு மூடினேன்.
அவன் பிரிக்கவே இல்லை.
ஒரு முனையைக்கூட நெம்பிப் பார்க்கவில்லை.
அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

கெசியாவுக்கு ஒன்று போட்டேன்.
பக்கத்தில் இன்னொரு அரை.
கூட்டல் நூறைத் தாண்டினால் பாஸ்டரம்மா கேட்பார்.
கேட்கட்டும்.

அவருக்குக் கப்பலூரில் நைட் ஷிஃப்ட்.
அரசரடி வீட்டில் நானும் அவனும்தான்.
விளக்கை அணைத்தேன்.
எத்தனை என்று தொடங்கிய வாயை மூடிக்கொண்டு
போர்வையை இரண்டு தலைக்கும் மேலே இழுத்தேன்.
"இப்ப உள்ள இருக்கோம்."
"எதுக்குள்ள?"
"மீனுக்குள்ள."

ஒன்றும் சொல்லவில்லை.
சித்திரை மாத வேர்வை, இருட்டு,
அவன் முழங்கால் என் வயிற்றில்.
பைபாஸில் லாரி ஒன்று போனது;
சுற்றிலும் விலா எலும்புகள் அதிர்ந்தன.
தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா."
"ம்."
"கரிமேடு மீன் மார்க்கெட் மாதிரி நாறுமா?"
"அதைவிட."
மூக்கைப் பொத்திக்கொண்டான்,
மூச்சின் சத்தம் மாறியதில் தெரிந்தது.
ஏதோ சொல்ல வந்தேன்,
கூட ஏதாவது சேர்க்கலாம் என்று.

பிஞ்சு விரல் ஒன்று தடவித் தடவி வந்து
என் உதட்டில் நின்றது.
"பேசாதீங்கம்மா," என்றான்,
"அது தூங்கட்டும்."