எந்த முப்பது

எக்ஸ் என்ன என்று கேட்கவில்லை.
எக்ஸைச் சொல்ல
இவ்வளவு போதுமா என்றுதான் கேள்வி.

சாருலுக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.
செப்புச் சுரங்கத்தில் கணக்கு;
கடைசித் துக்ரிக் வரை நேராகாமல்
பேனாவை மூடத் தெரியாதவள்.

கூற்று ஒன்று: எக்ஸின் வர்க்கம் தொள்ளாயிரம்.
முப்பது, என்று முந்திக்கொள்கிறது கை.
உலான்பாத்தரின் ஜனவரியில்
மைனஸ் என்று வாய்விட்டுச் சொல்பவர் யார்?
"இன்றைக்கு முப்பது" என்றால்
குதிரையின் இமையிலும் உறைபனி என்று
பால்குடிக்கும் தெரியும்.

தாளுக்கு ஜன்னல் இல்லை.
வெளியே என்ன மாதம் என்று
அதனிடம் சொல்லவும் கூடாது.

கூற்று இரண்டு: எக்ஸ் நாற்பதுக்குக் கீழ்.
இது என்ன காவல்,
இரண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு?

போனில் பத்து விநாடி மிச்சம்.
சேர்ந்தும் போதாது: கடைசி வட்டம்.
கறுப்பாக்கிவிட்டுக் கையை எடுக்கிறாள்,
வீட்டைப் பூட்டாமல் கிளம்பியவள் போல.

பேருந்து நிறுத்தத்தில்
மூக்குவரை சால்வை சுற்றிய ஒத்கோன்
எவ்வளவு இன்று, என்கிறான்.
முப்பது.
ஒரு மூச்சு விட்டு,
மைனஸ், என்கிறாள்.

வேறென்னவாக இருக்கும் என்று
அவன் சிரித்தது
வெள்ளையாய்க் கொஞ்ச நேரம் நின்றது.