வளைவுச் சோதனை

பத்து மில்லிமீட்டர் தகடு இரண்டு,
நடுவில் நான் போட்ட ஒட்டு.
அறுத்து, ராவி, எந்திரத்தின் வாயில் வைத்துவிட்டு
சிரம்பானிலிருந்து வந்த பரிசோதகர்
என் பெயரில் தடுக்கி விழுந்தார்:
ரூ... ரூப... ரூபனேஸ்வரி, த/பெ மாரிக்கண்ணு.
பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
முகக்கவசத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி.
சரித்திரப் பாடத்தில் இவ்வளவு தெளிவாக
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று அம்மா
செம்பனை ஆலையின் எடைமேடையில் இருந்தார்.
லோரி நம்பரை எழுதிக்கொண்டே கேட்டார்,
சரித்திரம்?
சொன்னேன்.
அடுத்த லோரியின் நம்பரையும் எழுதினார்.
அன்றைய தாளில் ஒரே ஓர் எண்
அடித்துத் திருத்தியிருந்தது.

அப்புறம் என் படிப்புக்குக்
கல்யாணத்துக்கு ஒரு பெயர்.
காலேஜ் என்பார்.
இன்ஜினியரிங் மாதிரி என்பார்.
மேலே கேட்டால் சாம்பார் வாளி வரும் பக்கம்
திரும்பிக்கொள்வார்.
வெல்டிங் என்ற சொல்லை எங்கள் வீட்டில்
நான் ஒருத்திதான் சொன்னேன், குளியலறையில்,
பொறி பட்ட கழுத்தில் சோப்பு எரிந்தபோது.

எந்திரம் அழுத்தியது.
பகாவில் சரக்கு ரயில் நிற்பதுபோல் ஒரு முனகல்.
ஃபிக்ரி கண்ணை மூடிக்கொண்டான்.
சற்று முன் அவனுடைய தகடு
பிஸ்கட் மாதிரி முறிந்திருந்தது.
என் இரும்பு வளைந்தது,
இன்னும் வளைந்தது,
ப என்ற எழுத்தாகி நின்றது.

விரலால் தடவினார். லென்ஸ் வைத்தார்.
மறுபடியும் தடவினார், ஏதாவது கிடைக்காதா என்பதுபோல.
ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

சிஜில் வர மூன்று மாதமாம்.
தகட்டைக் கேட்டேன். கொடுத்தார்கள்.
பஸ்ஸில் மடியில் இன்னும் சூடாக இருந்ததாக
நான் நினைத்துக்கொண்டேன்.

ஒட்டு எங்கே, என்றார் அம்மா.
நகத்தால் கோடு இழுத்தேன்.
அவருக்குத் தெரியவில்லை.
கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியவில்லை.
காணோமே, என்றார்,
எதையோ தொலைத்தவர் குரலில்.
காணக்கூடாதும்மா, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறும் நேரத்தில்
பின்வீட்டு பர்வதம் ஆன்ட்டி வந்தார்.
கேட் கீல் பிடுங்கிக்கொண்டதாம்,
டவுனிலிருந்து ஆள் வர மாட்டேன் என்கிறானாம்.
ரொட்டியை மைலோவில் தோய்த்தபடி
நான் தலை தூக்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மா சொன்னார்:
வெல்டிங்தானே?
இவள் செய்வாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சம் சத்தமாக:
சும்மா இல்லை. காசு.