ஒன்பதாவது துளை

ருஸ்தாவியில் பிப்ரவரி.
உருக்காலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால்
கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கின்றன
கடல் கடந்து வந்த விபத்துகள்.
மூக்கு நசுங்கியது, முதுகு ஒடிந்தது,
வெள்ளத்தில் ஊறிப் பாசி வாடை அடிப்பது.
ஜும்பேர் ஒவ்வொன்றாய்க் குனிந்து
எண்ணெய்க் குச்சியை உருவி முகர்கிறான்,
மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்குவதுபோல.

தேடியது எட்டு சிலிண்டர்.
கிடைத்தது கென்டக்கியிலிருந்து ஒரு லெக்ஸஸ்.
வலப்பக்கம் மொத்தமும் சப்பை.
எஞ்சின் மட்டும்
எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தது.
முன்பெட்டியில் ஒரு கார் கழுவும் கடையின் அட்டை:
பத்து முறைக்கு ஒரு முறை இலவசம்.
எட்டுத் துளைகள் போட்டாயிற்று.
ஏனோ அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் காத்திருந்தது
அறுபத்து நாலாம் வருடத்து வோல்கா,
நெற்றியில் தாவும் மானோடு.
பல் டாக்டர் எல்குஜாவுடையது.
"வெளியே ஒரு ஆணி மாறக்கூடாது,
உள்ளே ஒன்றும் மிஞ்சக்கூடாது" என்றார்.
வேரைச் சுரண்டிவிட்டுத் தொப்பி போடும் தொழில்;
வேறெப்படிச் சொல்வார்.

பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கினோம்.
எழுபத்தைந்து குதிரை என்று பேர்,
பாதிக்கு மேல் நொண்டி.
புதியதோ
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற வகை.
ரேடியேட்டரை முன்னால் தள்ளியது.
தடுப்புச் சுவரில் நாலு விரற்கடை கேட்டது.
ஸ்டீயரிங் தண்டும் புகைக்குழாயும்
ஒரே சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு லாரிகள்.
ஜும்பேர் வெட்டினான், ஒட்டினான்,
கியர்பாக்ஸ் போகும் சுரங்கத்தைச்
சுத்தியலால் அகட்டினான்,
அவனுக்குத் தெரிந்த நாலு மொழியிலும் திட்டினான்.
"இத்தனை குதிரையை ஓட்டிவிடலாம் மக்வாலா,
நிறுத்துவது யார்?"
நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது.
பின் அச்சு ஒரு மெர்சிடிஸ் கொடுத்தது.
கம்பிகள் என் பங்கு.
லெக்ஸஸின் நரம்புக் கூட்டத்தை
ஒரு இழை விடாமல் அள்ளிவந்து
மேசையில் பரப்பினேன், இடியாப்பம் மாதிரி.

சாவியைத் திருப்பினோம். சுற்றியது.
பிடிக்கவில்லை.
பெட்ரோல் வரவில்லை.
ஃப்யூஸ் மாற்றினேன், ரிலே மாற்றினேன்,
பம்பைக் கழற்றி வாளியில் ஓடவிட்டேன்: பழுதில்லை.
மூன்றாம் நாள் இரவு, லேப்டாப்பில் அகப்பட்டது.
காற்றுப்பைப் பெட்டியையும் சேர்த்தே அள்ளிவந்திருக்கிறேன்.
அது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது:
மோதிவிட்டது, பெட்ரோலை நிறுத்து.
மோதிவிட்டது, பெட்ரோலை நிறுத்து.
கென்டக்கியில் என்றோ முடிந்துபோன ஒரு நொடி
இங்கே, ஜும்பேரின் பட்டறையில்,
முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிக் கணக்கைத் திறந்தேன்.
வேகம்: நாற்பத்தொரு மைல்.
பிரேக்: அழுத்தவில்லை.
ஓட்டுநர் பெல்ட்: மாட்டியிருந்தது.
வலப்பக்க இருக்கை: காலி.

காலி.
அதை இரண்டு முறை படித்தேன்.
ஜும்பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்
தேநீர் போட்டான்.

அழிக்கலாமா, என்று கேட்டது திரை.
பெட்டியைப் பிரித்து எடுத்து வைத்தேன்.
அதன் குரல் வந்த வழியை அடைத்தேன்.
பிறகுதான் அழுத்தினேன், ஆம் என்று.

முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.
கூரைத் தகரம் அதிர்ந்தது,
பக்கத்துப் பட்டறை நாய் ஓடிவந்து
நின்று, யோசித்து, திரும்பிப் போனது.

கர்தபானி சாலையில் கொண்டுபோய்ப் பார்த்தோம்.
மானுக்கு இப்போதுதான்
தாவுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.
நூற்றிருபதில் ஒரு மாட்டுக்காரர் குறுக்கே வந்தார்.
நின்றது.
வளையாமல், வழுக்காமல்,
அவர் ஊன்றுகோலுக்கு ஒரு வண்டி நீளம் முன்னால்.
எங்களைப் பார்க்கவே இல்லை அவர்,
மானைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாடுகளோடு போனார்.
ஜும்பேரின் கை ஸ்டீயரிங்கிலிருந்து இறங்க நேரமாயிற்று.

மாலையில் டாக்டர் வருமுன்
குழாய் பிடித்துக் கழுவினோம், சேறெல்லாம்.
அந்த அட்டை ஞாபகம் வந்தது.
ஸ்க்ரூ டிரைவர் நுனியால்
ஒன்பதாவது கட்டத்தில் ஒரு துளை போட்டு
வோல்காவின் முன்பெட்டிக்குள் போட்டேன்.
இன்னும் ஒன்றுதான் பாக்கி,
யாராவது கேட்டால்.